திருக்குளத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு ஓர் அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

நம் கோயில் திருக்குளத் திருப்பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். பொதுக்குழுவில் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். இங்கே சொல்ல வேண்டியது வேறு. குளத்துக்குப் புதுச் சிமெண்ட் தளம் போடுவது என்று எல்லோருமாகக் கைதூக்கித் தீர்மானித்தோம். கடைசியில், ஏற்கெனவே இருந்த தளத்தையும் உடைத்துவிட்டோம். ஏன் என்று பலரும் கேட்கிறீர்கள்.

பழைய தளம் முந்தைய திருப்பணியில் போட்டது. போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, தண்ணீர் பளிச்சென்று நின்றது. ஆனால் அதற்கப்புறம் மடைப்பள்ளிக் கிணறு வற்றியதை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தெற்குத் தெருவில் போர் போட்டோம், வெறும் புழுதிதான் வந்தது. குளத்துக்கு வடக்கே போட்டதில் தண்ணீர். தெற்குத் தெருவுக்கு ராசி இல்லை என்று பேசிக்கொண்டோம்.

பிறகுதான் நிலவியல் படித்த ஒருவரை அழைத்து வந்தோம். நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் அடித்தார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே பேட்டரி மின்சாரத்தை மண்ணுக்குள் விட்டு, நடுக் கம்பிகளில் மின்னழுத்தத்தை அளந்தார். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. ஈரமுள்ள மக்கிய பாறை மின்சாரத்தை எளிதில் விடும். கட்டிப் பாறை விடாது. பக்கத்தில் கடப்பாறையை ஊன்றி நின்ற கிணறு வெட்டும் பெரியவர், “நாப்பதடி வரைக்கும் சுக்காம்பாறை, அப்புறம் இரும்பு” என்றார். மேலே மக்கிய பாறை, கீழே கட்டிப் பாறை என்று அர்த்தம். மெஷினும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. அவருக்குக் கூலி கொடுக்க மறந்தோம், பிறகு கொடுத்தாயிற்று.

பெரியவருக்கும் தெரியாத ஒன்று அதில் தெரிந்தது. தென்கரையை ஒட்டி, பூமிக்குள் கிழக்கு மேற்காக ஒரு கரும்பாறைச் சுவர் ஓடுகிறது. டோலரைட் டைக் என்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறை வெடிப்பில் குழம்பு புகுந்து இறுகியது. வட ஆற்காட்டில் இது நிறையவே உண்டு. நம் நிலம் வடக்கிலிருந்து பாலாற்றை நோக்கிச் சரிகிறது. அடியில் வரும் நீரை இந்தச் சுவர் அணைபோல மறிக்கிறது. தெற்குத் தெருவின் ராசி அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் கிணறு வெட்டிக் குழாய் போடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் தண்ணீரை அபிஷேகத்துக்குக் கொண்டுவர மனம் வரவில்லை.

குளத்து நீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் சிமெண்ட் தளம் தடுத்ததால்தான் மடைப்பள்ளிக் கிணறு வற்றியது. ஆகவே தளத்தை உடைத்தோம். அடியிலிருந்த களியை முழுக்க வழிக்காமல் ஓர் அடி விட்டோம். மொத்தமும் எடுத்தால் தண்ணீர் கிடுகிடுவென இறங்கிவிடும், தெப்பத்துக்கு நிற்காது. ஈசானிய மூலையில் மட்டும் ஜேசிபி ஓட்டியவர் அவசரத்தில் கூடுதலாகத் தோண்டிவிட்டார். களி கொண்டுவந்து மிதித்து அடைத்தோம். குளம் நிரம்பியதும் கலங்கலில் வழியும் நீரைக் குழாய் வைத்து, பூமிக்குள் இருக்கும் அந்தக் கரும்பாறைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய், தெற்குத் தெரு முனையில் கூழாங்கல், சரளை, மணல் என்று அடுக்கிய உறிஞ்சு குழியில் விட்டிருக்கிறோம்.

முதல் மழைத் தண்ணீர் வரத்துக் கால்வாயில் வந்தபோது குளத்துத் தரை முழுக்கக் குமிழி விட்டது. மண்ணுக்குள் இருந்த காற்று வெளியேறியது அது. பிள்ளைகள் மீன் என்று குதித்தார்கள்.

மடைப்பள்ளிக் கிணற்றில் இப்போது வாளி முங்குகிறது. தெற்குத் தெரு போர் இன்னும் சரியாக வரவில்லை. ஒரு மழையில் ஆகிற காரியமில்லை என்று அந்தத் தெருக்காரர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம். கால்வாய் முகப்பில் உள்ள வண்டல் தொட்டியை ஐப்பசி பிறக்கும் முன் அள்ளியாக வேண்டும். சாவி குருக்களிடம் இருக்கிறது, முறை வைத்த பட்டியல் அலுவலகச் சுவரில்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்