'ரிக்வயர்ஸ் ஸ்டேட்டிக்' எழுதும் ஜாவா நூலகப் பராமரிப்பாளர்களுக்கு

அன்புடையீர்,

உங்கள் நூலகத்துக்கு எந்த மாட்யூல்கள் (நிரல் தொகுதிகள்) தேவை என்று சொல்லும் மாட்யூல்-இன்ஃபோ கோப்பில் 'ரிக்வயர்ஸ் ஸ்டேட்டிக் ஜாவா.எஸ்க்யூஎல்' என்று ஒரு வரி இருக்கிறது. வேண்டியவருக்கு டேட்டாபேஸ் வசதி கிடைக்கும், வேண்டாதவருக்குச் சுமை இல்லை என்று நம்பித்தான் எழுதுகிறீர்கள். நடப்பது வேறு. கம்பைல் செய்யும்போது அந்த மாட்யூல் கட்டாயம். ஓடும்போதோ, நிரலை ஓட்டும் ஜேவிஎம் அதைத் தேடவே தேடாது. ஜேடிகே என்ற ஜாவா தொகுப்புக்குள்ளேயே இருந்தாலும், மாட்யூல் பாத்தில் (மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஜார் கோப்பாகக் கிடந்தாலும், வேறொரு மாட்யூல் கட்டாயமாகக் கேட்டாலோ, ஓட்டுபவர் '--ஆட்-மாட்யூல்ஸ்' கொடுத்துக் கேட்டாலோ ஒழிய உள்ளே வராது.

2017இல் ஜாவா 9 வந்ததிலிருந்து இதுதான் விதி. ஆனால் உங்கள் டெஸ்ட், மாட்யூல்-இன்ஃபோவைப் பார்க்காத பழைய முறையான கிளாஸ்பாத்தில் ஓடினால் இது கண்ணில் படாது, அங்கே ஜாவா.எஸ்க்யூஎல் தானாகவே ஏறிவிடுகிறது. பயனர் மாட்யூல் பாத்தில் ஓட்டும்போதுதான் 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்: ஜாவா/எஸ்க்யூஎல்/டைம்ஸ்டாம்ப்' என்று விழுகிறது. இது எரர் வகை, எக்செப்ஷன் வகை அல்ல. 'கேட்ச் எக்செப்ஷன்' இதைப் பிடிக்காது.

ஜாவா.எஸ்க்யூஎல்லில் உள்ள டைம்ஸ்டாம்ப் கிளாஸைத் தொடும் நிரல் முழுவதையும் தனி கிளாஸுக்குள் ஒதுக்குங்கள். பொதுவான கிளாஸ் ஒன்றின் மெத்தட் அளவுருவில் அந்த டைப் இருந்தால், யாரோ ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போதே கிளாஸின் அமைப்பைப் பார்க்கும் வசதி) மெத்தட்களைப் பட்டியலிட்டாலே நிரல் சரிந்துவிடும். ஒதுக்கிய கிளாஸைத் தொடுமுன் 'கிளாஸ்.ஃபார்நேம்' மூலம் டைம்ஸ்டாம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் வரும். அதைப் பிடித்து அந்த வசதியை மட்டும் விட்டுவிடலாம்.

கூடுதல் வசதி உங்களுடையதே என்றால் வசதியைத் தரும் கிளாஸ்களை ஓடும்போது கண்டுபிடிக்கும் சர்வீஸ்லோடரே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. மூல மாட்யூலில் 'யூசஸ்', தனி ஜாரில் 'ப்ரொவைட்ஸ்' என்று எழுதினால், அந்த ஜார் மாட்யூல் பாத்தில் இருந்தாலே ஜேவிஎம் சேர்த்துக்கொள்ளும். தேவையான மாட்யூல்களை மட்டும் கொண்ட ஜாவா தொகுப்பை உருவாக்கும் ஜேலிங்க் கருவி மட்டும் அப்படிச் சேர்க்காது. '--பைண்ட்-சர்வீசஸ்' கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாட்யூலைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் தரப்பு ஜாரை மேவன் என்ற பில்ட் கருவியில் 'ஆப்ஷனல்' என்று குறித்திருந்தால், பயனருக்கு இரண்டு வேலை: தன் பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பு) அந்த ஜாரைச் சேர்க்க வேண்டும், ஓட்டும்போது '--ஆட்-மாட்யூல்ஸ்' கொடுக்க வேண்டும். ரீட்மீயில் முதலாவதை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். இரண்டாவதையும் மாட்யூலின் சரியான பெயரோடு எழுதுங்கள். எது ஏறியது, எது ஏறவில்லை என்று பார்க்க '--ஷோ-மாட்யூல்-ரெசல்யூஷன்' இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் மாட்யூல் பாத்திலேயே இரண்டு முறை டெஸ்ட் ஓட்டுங்கள்: விருப்ப மாட்யூல் இல்லாமல் ஒருமுறை, அதைச் சேர்த்து ஒருமுறை.

இப்படிக்கு,
உங்கள் நூலகங்களை மாட்யூல் பாத்தில் ஓட்டுவோர்