நட்சத்திரம் கொட்டுகிறது, சுழி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயது, வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மருமகன் தவணையில் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகளும் அவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகலில் நான், பேத்தி, அந்த டேப் மூவரும்தான்.

முதலில் இறக்கிய எழுத்துச் செயலியில் புள்ளிக்கோட்டின் மேல் விரலால் தேய்த்தால் போதும். எங்கிருந்து தொடங்கினாலும், கீழிருந்து மேலே போனாலும் நட்சத்திரம் கொட்டும், கைதட்டல் கேட்கும். ஒரே வாரத்தில் உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் முடித்துவிட்டாள் என்று மகளுக்கு ஏக சந்தோஷம். நான் சிலேட்டையும் பல்பத்தையும் எடுத்துக் கொடுத்தேன். சுழியில் தொடங்கி நேர்கோட்டில் முடிய வேண்டிய 'அ'வை அவள் நேர்கோட்டில் தொடங்கினாள். சுழி வந்து சேரவே இல்லை. மூன்று சுழி 'ண' இரண்டு சுழியோடு நின்றது. கேட்டதற்கு, "டேப்புல இப்படித்தான் அம்மாச்சி ஸ்டார் வருது" என்றாள்.

அந்தச் செயலியில் வரும் குரலுக்கு 'ழ' வரவில்லை. 'வாளைப்பளம்' என்கிறது. சிறுமலை வாழைப்பழத்துக்குப் பேர்போன எங்கள் ஊரிலும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் கேட்பதையே திரும்பச் சொல்ல ஒரு செயலி எதற்கு? நடுநடுவே ரம்மி ஆட்ட விளம்பரம் வேறு. அன்றைக்கே அதை அழித்துவிட்டேன்.

டேப்பை மூட்டைகட்டி வைத்துவிடவில்லை. குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்குச் சில சொற்கள்தான். படத்தைப் பார்த்து அவள் கதை சொல்வாள், பிறகு நான் வரியில் விரல் வைத்து வாசிப்பேன். கூகுளின் ரீட் அலாங் செயலியும் உதவியது. பிள்ளை சத்தமாக வாசிப்பதை அது கேட்கிறது, தடுமாறினால் சொல்லிக் கொடுக்கிறது. கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் தேவையில்லை. உலை வைத்துச் சோறு வடிக்கும்வரை டேப். அதற்குப் பிறகு சிலேட்டு, இல்லையென்றால் தாம்பாளத்தில் பரப்பிய அரிசி. கேட்கவும் வாசிக்கவும் டேப் சரி. எழுதப் பழக அது ஆகாது என்பது என் அனுபவம். கண்ணாடித் திரையில் வழுக்கிக்கொண்டு போகும் விரலுக்கு அழுத்தம் பழகாது.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பழக்க 2022-ல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது நானும் அதில் பாடம் நடத்தியவள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவோம். நான் அழித்த அந்த எழுத்துச் செயலியில் நட்சத்திரக் கணக்கைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. 'எண்ணும் எழுத்தும்' பாடப்பொருளைத் தயாரித்த மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமே வீட்டுக்கென்று ஒரு சிறு செயலி தரலாம். சுழியில் தொடங்கினால்தான் கோடு நகர வேண்டும். 'ழ'கரம் சுத்தமாக உச்சரிக்கும் ஓர் ஆசிரியையின் குரல், விளம்பரம் இல்லாத திரை, நெட் இல்லாமலும் ஓடும் வசதி இருந்தால் போதும். நட்சத்திரத்தை நாங்கள் சிலேட்டில் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்.