ஆகஸ்டைத் தின்ற நூறு பந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லீட்ஸ் அணியைச் சென்னையின் சன் குழுமம் முழுதாக வாங்கி 'சன்ரைசர்ஸ் லீட்ஸ்' ஆக்கியதிலிருந்து, ஓர் அணிக்கு நூறு பந்து மட்டும் தரும் இங்கிலாந்தின் 'தி ஹண்ட்ரட்' கிரிக்கெட் போட்டியைப் பற்றிய பேச்சு கோலாலம்பூரில் நம்மவர்களிடையேயும் சூடு பிடித்திருக்கிறது. அந்நாட்டுக் கிரிக்கெட்டைத் தூக்கி நிறுத்தியதே இந்தப் போட்டிதான் என்பார் சிலர். குட்டிச்சுவராக்கியதே இதுதான் என்பார் வேறு சிலர். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண்கள் கிரிக்கெட்டுக்கு இது உண்மையான லாபம். ஆண்களின் 50 ஓவர் ஆட்டத்துக்கும் நான்கு நாள் ஆட்டத்துக்கும் நட்டம். அந்த லாபத்துக்கும் 'நூறு பந்து' என்ற எண்ணுக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை.

எண்ணையே முதலில் பார்ப்போம். 20 ஓவர் ஆட்டமான டி20யில் ஓர் இன்னிங்ஸுக்கு 120 பந்து, இதில் 100. குறைவது மூன்று ஓவரும் இரண்டு பந்தும். ஒரு பந்துவீச்சாளருக்கு டி20யில் 24 பந்து, இதில் 20. இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், அணிக்கு ஐந்து பந்துவீச்சாளர் வேண்டும் என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. வெளிவட்ட ஃபீல்டர்களுக்குக் கட்டுப்பாடுள்ள தொடக்கப் பகுதியான பவர்பிளே 36 பந்திலிருந்து 25 ஆனது. நோ-பாலுக்கு இரண்டு ரன், கூடவே ஃப்ரீ ஹிட். நேரம் மிச்சமாவதற்குப் பந்து குறைந்தது மட்டும் காரணமல்ல. டி20யில்போல ஆறு பந்துக்கு ஒருமுறை முனை மாறினால் ஓர் இன்னிங்ஸில் 19 முறை ஃபீல்டர்கள் இடம் பெயர வேண்டும். ஹண்ட்ரடில்போல பத்துப் பந்துக்கு ஒருமுறை என்றால் 9 முறை போதும். இன்னிங்ஸுக்கு 65 நிமிடம் என்று கெடு வைத்து, தாமதித்தால் மிச்சமுள்ள பந்துகளுக்கு வெளிவட்டத்தில் ஒரு ஃபீல்டரைக் குறைக்கிறார்கள். அந்தத் தண்டனைதான் கேப்டன்களை ஓட வைக்கிறது. இதை டி20யிலும் செய்யலாம். சர்வதேச டி20யில் செய்தும் வருகிறார்கள்.

பத்துப் பந்து ஒரே முனையிலிருந்து வருவதால் ஆட்டத்தின் போக்கு கொஞ்சம் மாறுகிறது என்பது உண்மை. ஒரு பக்கம் எல்லைக்கோடு குட்டையாக இருந்தால், மட்டையாளர் அதே பக்கத்தைப் பத்துப் பந்துக்குக் குறி வைக்கலாம். காற்று ஒரு திசையில் வீசினால் கேப்டன் தன் சுழற்பந்து வீச்சாளரைத் தொடர்ந்து பத்துப் பந்து போட விடலாம், அடி விழுந்தால் ஐந்தோடு நிறுத்தலாம். சுவையான நுணுக்கம்தான். ஆனால் உலகக் கிண்ணம் 20 ஓவரிலும் 50 ஓவரிலும்தான் நடக்கிறது. நூறு பந்தில் சர்வதேச ஆட்டம் எதுவும் இல்லை. டி20யை 2003இல் கவுண்டிகள் எனும் தன் வட்டார அணிகளுக்காக உருவாக்கியதே இங்கிலாந்து. உலகமே அதை எடுத்துக்கொண்ட பிறகு, உருவாக்கியவர்களே வேறு அளவுக்குப் போனதுதான் வேடிக்கை.

இந்தப் போட்டி நமக்கெல்லாம் தந்த ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கேட்ச் ஆகும்போது மட்டையாளர்கள் இருவரும் குறுக்கே கடந்திருந்தாலும், அடுத்த பந்தைப் புதிதாக வருபவர்தான் சந்திக்க வேண்டும் என்ற விதி முதலில் அங்கேதான் சோதிக்கப்பட்டது. 2022 அக்டோபர் முதல் அது கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் சட்டத்திலேயே ஏறிவிட்டது. கடந்தார்களா இல்லையா என்று ஸ்கொயர் லெக் நடுவரைத் திரும்பிப் பார்க்கும் வேலை ஒழிந்தது.

இனிப் பெண்கள் ஆட்டம். போட்டி 2020இல் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதைய திட்டப்படி பெண்கள் ஆட்டங்களில் பெரும்பாலானவை சிறிய மைதானங்களில் தனியாக நடக்கவிருந்தன. கோவிட்டால் ஓராண்டு தள்ளிப்போனது. செலவையும் தனிமைப்படுத்தும் தொல்லையையும் குறைக்க, ஆண், பெண் ஆட்டங்களை ஒரே நாளில் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து வைத்தார்கள். இந்தப் போட்டியின் மிகச் சிறந்த முடிவு இப்படித் தற்செயலாக வந்தது. 2021இல் ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம், 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 5 பவுண்டு, பரிசுத் தொகை இரு பாலருக்கும் சமம், கட்டணமில்லாத பிபிசி ஒளிபரப்பு. ஆஸ்திரேலியாவுடனான 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடருக்குப் பிறகு கட்டண அலைவரிசைக்குள் போய்விட்ட கிரிக்கெட் மீண்டும் பொதுத் தொலைக்காட்சிக்கு வந்தது. அந்த முதல் ஆண்டுப் பெண்கள் இறுதியாட்டத்தை லார்ட்ஸில் 17,116 பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு லார்ட்ஸில் 59 ரன் அடித்த ஆலிஸ் கேப்சிக்கு அப்போது வயது 16. மறு ஆண்டே இங்கிலாந்து அணிக்கு ஆடினார். 2024 இறுதியாட்டத்தைச் சிக்ஸர் அடித்து முடித்தவர் நமக்கெல்லாம் தெரிந்த இந்திய வீராங்கனை தீப்தி சர்மா. (கோலாலம்பூரில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கும் பெண்கள் ஆட்டமே கைக்கெட்டுகிறது. வார நாளில் அங்கே பிற்பகல் 3 மணி என்றால் இங்கே இரவு 10. ஆண்கள் ஆட்டம் தொடங்குவது நள்ளிரவு ஒன்றரைக்கு.)

சம்பளம் மட்டும் சமமாக இல்லை. 2021இல் பெண்களுக்கு மிகக் குறைந்த ஒப்பந்தம் 3,600 பவுண்டு, ஆண்களுக்கு 24,000. இடைவெளி பிறகு சுருங்கியது, மறையவில்லை. ஆனாலும் பெண்கள் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அங்கே இனி யாரும் ஒரு தொடரைத் திட்டமிட முடியாது. இதில் எந்தப் பங்கு நூறு பந்தால் வந்தது? 120 பந்து வைத்திருந்தாலும் அதே மைதானம், அதே டிக்கெட், அதே பிபிசி.

விலை கொடுத்தது ஆகஸ்ட் மாதம். எட்டு அணி, ஒவ்வொன்றுக்கும் எட்டு லீக் ஆட்டம், பிறகு எலிமினேட்டர், இறுதியாட்டம் என ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 34. இதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் வேண்டும். இங்கிலாந்தில் பிட்ச் காய்ந்து கடினமாக இருப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். அந்த வாரங்களில் கவுண்டிகளின் 50 ஓவர் கிண்ணம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் முன்னணி வீரர்கள் ஹண்ட்ரடுக்குப் போய்விட்ட பிறகு. இளையவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறதே என்று வாதிடுகிறார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் 15 முதல் 40 வரையிலான ஓவர்களில் எப்படி வீசுவது என்பதை ஓர் இளைஞன் அனுபவசாலி மட்டையாளனிடம் அடி வாங்கித்தான் கற்கிறான். எதிரே நிற்பவனும் புதியவனாக இருந்தால் இருவரும் கற்பது குறைவு. இங்கிலாந்து மட்டையாளர் ஹாரி புரூக்கைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் அறிமுகமானபோது, 2019க்குப் பிறகு அவர் ஆடிய முதல் 50 ஓவர் ஆட்டமே அதுதான். திறமைசாலி, தேறிவிட்டார். 2019 உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணி 2023இல் இந்தியாவில் ஒன்பது ஆட்டத்தில் ஆறில் தோற்று ஏழாம் இடத்தில் முடித்தது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றிலும் தோல்வி. முழுப் பழியும் ஹண்ட்ரடுக்கு என்று சொல்லமாட்டோம். ஆனால் 50 ஓவரே ஆடாமல் 50 ஓவர் ஆட்டக்காரர் எங்கிருந்து வருவார்?

நான்கு நாள் ஆட்டத்தின் கதை இன்னும் மோசம். கவுண்டிகளின் நான்கு நாள் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பின் பெரும்பகுதி ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலும் ஒதுங்கிவிட்டது. ஈரமான பிட்ச், தையல் உயர்ந்த, டியூக்ஸ் நிறுவனத்தின் பந்து. மணிக்கு 120 கிலோமீட்டரில் சரியான இடத்தில் குத்தினாலே விக்கெட் விழும். அதிவேகப் பந்துவீச்சாளரும் சுழற்பந்து வீச்சாளரும் தேவைப்படுவதில்லை. 2023 முடிவில் இந்தியப் பயணத்துக்குச் சுழற்பந்து வீச்சாளர் ஷோயப் பஷீரைத் தேர்ந்தபோது அவர் ஆடியிருந்தது ஆறே முதல்தர (பல நாள்) ஆட்டம், எடுத்திருந்தது 10 விக்கெட். ஏப்ரலுக்குத் தள்ளும் வழக்கம் ஹண்ட்ரடுக்கு முன்பே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் திரும்பி வரும் பாதையை அடைத்தது இந்த நான்கு வாரம்தான். டெஸ்டும் தப்பவில்லை: 2023 ஆஷஸின் ஐந்து டெஸ்டையும் ஜூன் 16 முதல் ஜூலை 31 வரை 46 நாளுக்குள் திணித்தார்கள். கவுண்டிகளின் டி20 போட்டியோ 2024இல் ஜூலையில் லீக் சுற்றை முடித்துவிட்டு, காலிறுதிக்குச் செப்டம்பர் வரை காத்திருந்தது. ஒன்றரை மாதம் கழித்து எந்த அணி எந்த ஃபார்மில் இருக்கும்?

இளைஞர்களின் மனக்கணக்கும் மாறுகிறது. ஆண்கள் ஹண்ட்ரடின் முதல் சதத்தை 2022இல் அடித்த வில் ஸ்மீட், அதே ஆண்டு நவம்பரில், 21 வயதில், ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடாமல் வெள்ளைப் பந்துக்கு (ஓவர் வரையறுத்த ஆட்டங்களுக்கு) மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாதத்தில் சம்பளம் அதிகமோ அந்த மாதத்துக்குத் தயாராவது மனித இயல்பு.

பணம் வந்ததே என்று கேட்பவர்களுக்கு: வந்தது, கொட்டியது. 2025இல் எட்டு அணிகளின் பங்குகளை விற்றதில் 500 மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. லண்டன் ஸ்பிரிட்டின் மதிப்பு மட்டும் 295 மில்லியன். அதில் 49 விழுக்காடு கைமாறியது. சன் குழுமம் லீட்ஸுக்குக் கொடுத்தது 100 மில்லியனைத் தாண்டும். ஆனால் இது ஒருமுறை வரும் பணம். பழைய கடனை அடைத்த கவுண்டி, ஆண்டுச் செலவை மாற்றாவிட்டால் மறுபடி கடனில்தான் நிற்கும். 18 கவுண்டிகளில் 11க்கு ஹண்ட்ரட் அணி ஒதுக்கப்படவே இல்லை. சாமர்செட், எசெக்ஸ், சசெக்ஸ் போன்றவை வெள்ளிக்கிழமை மாலை டி20க்கு டவுன்டன், செம்ஸ்போர்ட், ஹோவ் திடல்களை நிரப்பக்கூடியவை. விற்பனைத் தொகையில் அவற்றுக்கும் பங்கு உண்டு, ஆண்டுதோறும் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் தரும் 1.3 மில்லியன் பவுண்டும் உண்டு. ஆனால் நாளை அணியின் விலை ஏறினால் அந்த ஏற்றம் அவற்றுக்குப் போகாது. பணம் போட்டவர்களோ தங்கள் நான்கு வாரத்தை ஒரு நாளும் குறைக்க ஒப்பமாட்டார்கள்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு பழைய செய்தி நினைவிருக்கலாம். 1998இல் இங்கு நடந்த காமன்வெல்த் போட்டியில்தான் கிரிக்கெட் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா தங்கம் வென்றது. வட அயர்லாந்துகூட அணி அனுப்பியது, இங்கிலாந்து அனுப்பவில்லை. காரணம், கவுண்டி சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டம் அதே நேரத்தில் வந்ததுதான். அன்று எதற்காகவும் விட்டுக்கொடுக்காத அதே சாம்பியன்ஷிப் இன்று ஓரம்கட்டப்பட்டு நிற்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம், இங்குள்ள வார இறுதி லீக்குகளிலும் நூறு பந்து முறையைக் கொண்டுவரலாம் என்ற யோசனை அடிபடுவதுதான். இங்கிலாந்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாத அந்த எண், நமக்குச் சற்று உதவக்கூடும். கின்ராரா ஓவல் கைவிட்டுப் போன பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் நல்ல திடல் அரிது. ஒரே திடலில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்காமல் லீக் நடக்காது. அமெச்சூர் டி20 இன்னிங்ஸ் 90 நிமிடம் இழுக்கும், இடைவேளை 20. காலை 8.30க்குத் தொடங்கினால் முதல் ஆட்டம் 11.50க்கு முடியும், 12.10க்குத் தொடங்கும் இரண்டாவது 3.30க்கு முடியும். அந்நேரத்தில்தான் இங்கே இடி இறங்கும். நூறு பந்தில் 65 நிமிடத்தை நம் கேப்டன்களிடம் எதிர்பார்க்க முடியாது. 75 என்றே வைப்போம். இடைவேளை 15. முதல் ஆட்டம் 11.15க்கு முடியும், 11.35க்குத் தொடங்கும் இரண்டாவது 2.20க்கு முடியும். எழுபது நிமிடம் மிச்சம்.

ஆனால் ஏற்பாடு சரியில்லாவிட்டால் அந்த எழுபது நிமிடமும் ஸ்கோரர் மேசையில் கரைந்துவிடும். நம் ஸ்கோர் புத்தகத்தின் கட்டங்கள் ஆறு பந்துக்கானவை. அதிலேயே எழுதினால் இரண்டாவது தொகுதியிலேயே குழப்பம் வரும். ஐந்து பந்துக்கு ஒரு கட்டமாக 20 கட்டம் கோடிட்ட தாளை முன்கூட்டியே அச்சடிக்க வேண்டும். பந்தை எண்ண நடுவர் வைத்திருக்கும் கிளிக்கரும் ஆறில் நிற்பதுதான். ஆறு காசுகளை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிப் பந்து எண்ணுபவர்கள் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் போதும். வைடும் நோ-பாலும் ஐந்தில் சேராது. ஐந்தாவது நல்ல பந்து முடிந்ததும் நடுவர் ஏதேனும் வெள்ளை அட்டையை உயர்த்தினால் ஸ்கோரர் கையசைத்து ஒப்ப வேண்டும். ஒப்பும்வரை அடுத்த பந்து கூடாது. அதே நொடியில் கேப்டன் 'தொடர்கிறேன்' அல்லது 'மாற்றுகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். அங்கே யோசிக்கத் தொடங்கினால் முனை மாறாமல் மிச்சப்படுத்திய நேரம் போய்விடும். நண்பகல் வெயிலில் வேகப்பந்து வீச்சாளரைப் பத்துப் பந்து தொடர விடுவதும் நல்லதல்ல. இரண்டு வைடு விழுந்தால் அது பன்னிரண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஐந்தோடு கட்டாய மாற்றம் வைக்கலாம். பவுண்டரி ஒரு பக்கம் குட்டையான திடல்களில், நாணயச் சுழற்சிக்கு முன்பே கயிற்றை உள்ளே இழுத்து இரு பக்கத்தையும் சமன் செய்ய வேண்டும்.

இங்கிலாந்திடமிருந்து அவசியம் எடுக்க வேண்டியது ஆணும் பெண்ணும் ஒரே திடலில், ஒரே நாளில் ஆடும் அந்த ஏற்பாட்டைத்தான். 2025 தொடக்கத்தில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணத்தை நடத்திய நாடு இது; ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், திடல்தான் இல்லை. அங்கே பெண்கள் ஆட்டம் முதலில் வருவதால் கூட்டம் சேர்வதற்குள் பாதி முடிந்துவிடுகிறது என்ற குறை உண்டு. இங்கே கூட்டம் ஒரு பிரச்சினையே இல்லை, மழைதான் பிரச்சினை. மழையில் ரத்தாவது எப்போதும் இரண்டாவது ஆட்டம். எனவே காலை 8.30 மணி ஆட்டத்தைப் பெண்களுக்கே ஒதுக்குமாறு லீக் அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வார இறுதி லீக் நடுவர்கள், ஸ்கோரர்கள் சிலர்,
கோலாலம்பூர்.