அம்மாவிடம் வாக்கிங் என்றே சொல்

எட்மண்டன், கனடா,
ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பக்கத்திலிருந்து அம்மாவும் கேட்டுவிடுவாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நான் மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை தூக்குகிறேன். பிள்ளை பெற்றவள் பாரம் தூக்கினால் அடி இறங்கிவிடும் என்று தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவிடாத அம்மாவுக்கு இது தெரிந்தால் அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், நீ பயப்படாதே.

இங்கே டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மைனஸ் 25-இல் எங்கே நடப்பது? நம் ஊரில் சந்தை, கோயில், மொட்டைமாடி என்று தெரியாமலே நடந்துவிடுவோம். இங்கே வீடு, கார், ஆபீஸ் நாற்காலி. இரண்டு வருஷத்தில் ஒன்பது கிலோ ஏறியது. 40 பவுண்டு அரிசி மூட்டையைக் காரிலிருந்து இறக்க இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

முதல் நாள் கூத்தைக் கேள். எங்கள் பகுதிப் பொது ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, பனி பூட்ஸோடு நேராக உள்ளே போய்விட்டேன். ரோட்டில் போடுகிற உப்பும் மணலும் கரைந்து, கறுப்பு ரப்பர் தரையில் என் பின்னாலேயே வெள்ளைத் தடமாக வருகிறது. உள்ளே போட தனி ஷூ எடுத்துப் போக வேண்டுமாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஊரே திரும்பிப் பார்ப்பது மாதிரி இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். உடை மாற்றும் அறையில் இருபது நிமிஷம் போனை நோண்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இவரிடம், "நல்லா இருந்துச்சு" என்று பொய்.

அடுத்த தடவை, மேலே தொங்குகிற கம்பியைக் கீழே இழுக்கிற மெஷினில் உட்கார்ந்தேன். இழுக்கிறேன், இழுக்கிறேன், அசையவே இல்லை. எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எழுந்து வந்தார். எடைக்கட்டைகளுக்கு நடுவே ஒரு குச்சி சொருகியிருக்கும். எனக்கு முன்னால் செய்தவர் அதை 120-இல் விட்டுப் போயிருக்கிறார். பாட்டி அதை உருவி 30-இல் சொருகினார். என் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பியும் உட்கார வைத்தார், ஏனென்றால் நான் உட்கார்ந்திருந்ததே தலைகீழ்த் திசையில்! முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் சேர்ந்தாராம்.

அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்கிறேனே, அங்கேதான் வயிறு கலங்குகிறது. அதனால் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டேன். செவ்வாயும் சனியும் மட்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கூட்டம். எட்டரைக்குப் போனால் பாதி காலி.

சீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் சைக்கிள். அப்புறம் பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம்தான்; காதைப் பிடிக்காமல் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டி காட்டிய மெஷின், கையால் முன்னே தள்ளுகிற ஒன்று, உட்கார்ந்து பின்னே இழுக்கிற ஒன்று. கடைசியில் முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி 20 விநாடி. மற்றதெல்லாம் பத்துப் பத்தாக மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கடைசி இரண்டு தடவை திணறுகிற எடை போதும். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை 5 பவுண்டு கூட்டுவேன். பெரிய ஆட்கள் தூக்கும் நீளக் கம்பி பக்கம் இன்னும் போகவில்லை. வெறும் கம்பியே 20 கிலோ!

ஆரம்பத்தில் வலி உயிரை வாங்கியது. மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் மோசம். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன், மகன் வீடியோ எடுத்தான். 10 பவுண்டில் தொடங்கிய தோப்புக்கரணம் இப்போது 25. உடம்பு எடை இரண்டு கிலோதான் இறங்கியிருக்கிறது, அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் போன சனிக்கிழமை அரிசி மூட்டையை நானே சமையலறை வரைக்கும் கொண்டுபோனேன். இவர் வாசலில் கையை நீட்டியபடி நின்றார்.

நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பார். முடிகிறதா என்று எழுது. முழங்கால் குத்தினால் விட்டுவிடு. அம்மா கேட்டால், அவள் வாக்கிங் போகிறாள் என்று சொல்.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு: இட்லிப்பொடி தீர்ந்துவிட்டது.