அரிசி விலை பற்றி, கடையிலிருந்து ஒரு மடல் (2024 மார்ச்)

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடை மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டையின் படம் ஒன்று போன கிழமை முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றியது. லண்டன் ஹரோவில் அதைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது. 19.50 பவுண் என்று ஒட்டிய லேபலின் மூலை கிளம்பியிருக்கிறது, அடியில் 17.50 தெரிகிறது. எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்.

விலை ஏன் கூடியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஏற்றுகிற நம் கொண்டெய்னர் செங்கடலால் வந்து, சூயஸ் கால்வாயைக் கடந்து, லண்டன் கேட்வே துறைமுகத்தில் இறங்குவதுதான் வழக்கம். செங்கடலின் தெற்கு வாசலுக்குப் பெயர் பாப் அல் மண்டப். 'கண்ணீர் வாசல்' என்று பொருள். ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் பஸ்ஸில் போகிற தூரம். 2023 நவம்பர் 19ஆம் திகதி யேமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் ஹெலிகொப்டரில் வந்து இறங்கி 'கலக்ஸி லீடர்' என்ற கார் ஏற்றும் கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பர் நடுப்பகுதியில் பெரிய கப்பல் கம்பனிகள் ஒவ்வொன்றாக அந்தப் பாதையைக் கைவிட்டன. இப்போது ஆபிரிக்காவையே சுற்றி, நன்னம்பிக்கை முனையால் வருகின்றன. மூவாயிரம் கடல் மைலுக்கு மேல் கூடுதல் ஓட்டம்.

"உங்கட கொண்டெய்னரில குண்டு விழேல்லைத்தானே, பிறகென்ன?" என்று ஒரு அண்ணை கேட்டார். நியாயமான கேள்விதான். கடற்பாதையை மறிக்கிறவன் எல்லாக் கப்பலையும் தாழ்க்கத் தேவையில்லை, காப்புறுதிக்காரனைப் பயப்படுத்தினால் போதும். செங்கடலால் ஒருமுறை போய்வர, கப்பலின் பெறுமதியில் நூற்றுக்கு ஒன்றுக்குக் கிட்டக் காப்புறுதி கேட்கிறார்கள். சரி, சுற்றிப் போவோம் என்றால் எண்ணெய்ச் செலவு. ஒரு பயணத்துக்குப் பத்துப் பதினாலு நாள் கூடினால், அத்தனை நாளும் அந்தக் கப்பலும் அதில் இருக்கிற பெட்டிகளும் வேறு வேலைக்கு இல்லை. அதனால் வெறும் கொண்டெய்னருக்கே தட்டுப்பாடு. பாதை மாறிய கப்பல்கள் எல்லாம் கொழும்பில் வந்து சாமான் மாற்றுவதால் அங்கேயும் நெரிசல். வேடிக்கை என்னவென்றால், செங்கடல் பக்கம் எட்டியும் பார்க்காத கப்பலுக்கு, செங்கடலின் பெயரால் ஒரு மேலதிகக் கட்டணம் போட்டு எனக்குப் பில் வந்தது.

அமெரிக்காவும் பிரிட்டனும் போர்க்கப்பல் அனுப்பியும் பாதை இன்னும் திறக்கவில்லை. 2024 மார்ச் 2ஆம் திகதி, ஹூதிகள் தாக்கின 'ரூபிமார்' கப்பல் 21,000 தொன் உரத்தோடு தாழ்ந்தது. நாலு நாள் கழித்து அவர்கள் தாக்கின 'ட்ரூ கொன்ஃபிடன்ஸ்' கப்பலில் மூன்று மாலுமிகள் செத்துப்போனார்கள். மிச்சப் பேரை இந்தியக் கடற்படை காப்பாற்றியது. அதையெல்லாம் வாசித்துவிட்டு இரண்டு பவுணுக்கு விளக்கம் எழுதுவது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ஆனால் எழுத வைத்தது விலையில்லை. அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர் "பதுக்கல் முதலாளி" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். வேறு என்ன சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 2006 ஆகஸ்டில், போர் நேரம், யாழ்ப்பாணத்துக்கு வருகிற தரைப்பாதை முகமாலையில் பூட்டினபோது நான் யாழ்ப்பாணத்தில் மாமாவின் கடையில் நின்றவன். அதற்குப் பிறகு சாமான் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் எப்போது வரும், வந்தால் என்ன இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னறையில் மூட்டையை அடுக்கிவிட்டு "இல்லை" என்று கைவிரித்தவர்களையும் அப்போது பார்த்தேன். மாமா அப்படிச் செய்யவில்லை. கடைசி மூட்டைச் சீனியை அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பேப்பர் சுருளில் கட்டினார். சுருளை மடிக்கிறது என் வேலை. ஒரு வீட்டுக்கு ஒன்று, அதுவும் பழைய விலைக்கே. அந்தக் கடையில் வளர்ந்தவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதா? எங்கள் ஊரில் அது எப்படிப்பட்ட சொல் என்று எழுதினவருக்கும் தெரியும். அவர் யார் என்று எனக்கும் தெரியும். போன சனிக்கிழமையும் வந்து பனங்கட்டி வாங்கிப்போனார், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கூடிய இரண்டு பவுணில் ஒன்றரை பவுண் அளவு கப்பல் கூலிக்கும் கட்டணங்களுக்கும் போகிறது, மிச்சம் கடை வாடகை, கரண்ட். படத்தில் இருக்கிற மூட்டை ஒக்டோபரில் வந்தது. அப்படி ஒரு நாற்பது மூட்டை இருந்தது.

கொரோனா நேரம் மழைக்குள் வரிசையில் நின்று வாங்கினவர்கள் நீங்கள். இந்த முறையும் "தம்பி, கப்பல் வந்தால் ஒரு போன் போடு" என்று சொல்லிவிட்டுப் போன அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே எனக்காகக் கதைத்த இரண்டு பேருக்கும் தனியாக நன்றி.

ஒடியல் மாவும் கறித்தூளும் வருகிற கொண்டெய்னர் இப்போது கடலில் நிற்கிறது. சித்திரை வருடத்துக்கு முன் வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார், நான் சத்தியம் பண்ணமாட்டேன். முருங்கைக்காய், கத்தரிக்காய், வல்லாரை எல்லாம் விமானத்தில் வருவதால் வழமைபோல வியாழக்கிழமை இருக்கும்.

ஜனவரியிலும் பெப்ரவரியிலும் 19.50 கொடுத்து மொட்டைக்கறுப்பன் வாங்கினவர்கள் பில் துண்டைக் கொண்டுவந்தால் இரண்டு பவுண் கழித்துவிடுகிறேன். துண்டு தொலைந்திருந்தாலும் வாருங்கள், யார் வாங்கினது என்று எனக்கு முகம் தெரியும்.

அன்புடன்,
கடைக்காரத் தம்பி