பாதி மாத்திரையில் ஓடும் மாதக் கடைசி

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்பு பணக்காரர்களின் வியாதி என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள், எங்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். அம்மா முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறார், பிரஷர் 170/100. மாதக் கடைசியில் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டி முந்தானையில் முடிந்துகொள்வார், ஏனென்றால் இலவச மாத்திரைக்கு வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. மத்தியானம் சோறும் கருவாடும்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதெல்லாம் யாருக்கோ!

நாள் முழுக்க மேடு ஏறி இறங்குகிறார்களே, அதுவே உடற்பயிற்சிதானே என்பார்கள். சரி, ஆனால் கடனும் கவலையும் வருஷக்கணக்கில் அழுத்தினால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டு, அது விரிந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஆண் ஊழியர்கள் இதய நோயால் இறந்தது மேலதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம். புகைப்பழக்கம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை.

வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிற அக்கா நல்லவர்தான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு லைனில் யார் இருப்பார்கள்? சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள், எல்லாரும் அங்கேதான் நிற்போம்.

– ஒரு வாசகர், கோத்தகிரி