கையெழுத்து போட்ட குழந்தைகள் புக்ஸ் விக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய குழந்தைகள் புக்ஸ் விக்கிற டீலர்களுக்கும் ஏலம் விடறவங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வரேன். "ஆசிரியர் கையெழுத்துடன்"னு ஒத்த வரி போட்டு பல மடங்கு விலை வைக்கிறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. அந்த கையெழுத்து எப்படி புக்குக்குள்ள வந்துச்சுன்னு எழுதுங்க. அவரே அந்தப் பக்கத்துல பேனா வச்சு போட்டாரா, தனியா போட்டுக் குடுத்த ஸ்டிக்கரை ஒட்டினதா, பழைய லெட்டர்ல இருந்து வெட்டி ஒட்டினதா, கையெழுத்தை பேனா வச்சு அப்படியே காப்பி அடிக்கற ஆட்டோபென் மெஷின் போட்டதா, இல்ல அச்சுலயே வந்ததா? இந்த அஞ்சுக்கும் ஒரே பேர் வச்சு விக்கலாமா? மெஷின் போட்ட கோடு ஆரம்பத்துல இருந்து கடைசி வரை ஒரே அழுத்தமா இருக்கும், மனுஷ கை ஒரு எழுத்துல அழுத்தும் இன்னொண்ணுல வழுக்கிட்டு போகும், லென்ஸ் வச்சா உங்களுக்கு தெரிஞ்சிடும், ஆனா எங்க கைல புக் வர்றதே காசு கட்டின அப்புறம்தானே.

பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியோட "குட்டி இளவரசன்" புக் 1943 ஏப்ரல்ல நியூயார்க்ல வந்துச்சு. ஆசிரியர் கையெழுத்தோட நம்பர் போட்டு இங்கிலீஷ்ல 525 காப்பி, பிரெஞ்சுல 260. அந்த மாசமே செந்த்-எக்சுபெரி போருக்கு கிளம்பிட்டாரு, 1944 ஜூலை 31 அன்னைக்கு எடுத்துட்டுப் போன விமானம் திரும்பவே இல்ல. அப்போ அதுக்கு அப்புறம் அச்சான ஒரு காப்பில அவர் கையெழுத்து இருந்தா அதை விக்க வச்சவர் அச்சு விவரம் இருக்கற காப்பிரைட் பக்கத்தை திருப்பிக்கூட பாக்கலன்னுதான் அர்த்தம். நீங்களே அடிச்சுக் குடுக்கற "ஒரிஜினல்" சர்டிபிகேட் இதுல எதையும் நிரூபிக்காது.

எனக்கு நிஜமா வயிறு எரியறது அடுத்த விஷயத்துலதான். ஆசிரியர் ஒரு குழந்தை பேர் எழுதி "அன்புடன்"னு போட்டுக் குடுத்திருப்பாரு, வெறும் கையெழுத்து மட்டும் இருந்தா நல்லா போகும்னு அந்தப் பேரை சுரண்டி எடுத்துடறாங்க. பேப்பரை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்த இடம் மட்டும் மெலிஞ்சு தெரியும், சாய்ச்சு பிடிச்சா பேனா அழுத்தின பள்ளம் அப்படியே இருக்கும், பாதி பேரை படிக்கக்கூட முடியும். அதை லிஸ்டிங்ல "பக்கத்தில் லேசான தேய்மானம்"னு எழுதறீங்க.

இதுல உங்களுக்கும்தான் நஷ்டம்! போலி போடறவங்களுக்கு சின்ன கையெழுத்துதான் வசதி, எழுத்து கூடக் கூட மாட்டிக்குவாங்க. பேர், தேதி, ஊர், ரெண்டு வரி வாழ்த்து எல்லாம் இருந்தா அந்த ஆசிரியரோட மத்த லெட்டர்ஸோட ஒப்பிட எவ்வளவு கிடைக்குது, அந்த தேதில அவர் அங்க இருந்தாரான்னு பாக்கலாம், அந்தக் குழந்தை யாருன்னு தேடலாம். "ஆலிஸ்" கதை எழுதின லூயிஸ் கரோல் தனக்கு தெரிஞ்ச குழந்தைகளுக்கு பேர் எழுதிக் குடுத்த காப்பிகளை அந்தப் பேருக்காகவே தேடித்தேடி வாங்கறாங்க, நிறைய வருஷம் அவர் ஊதா மைல எழுதினாருங்கறதுகூட நிஜமான காப்பியை கண்டுபிடிக்க உதவுது. அப்படி இருக்கறப்போ நேத்து வந்த புக்கோ நூறு வருஷ புக்கோ, பேரை அழிக்கறது சாட்சியை அழிக்கறதுதான். கிரேயான் கிறுக்கலும் அப்படித்தான், விட்டுடுங்க.

எல்லாரும் இப்படின்னு சொல்லல. கையெழுத்து, காப்பி நம்பர் போட்ட பக்கம், டஸ்ட் ஜாக்கெட் (புக்கோட பேப்பர் மேலுறை) கிழிசல்னு எல்லாத்தையும் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்துப் போடற டீலர்ஸ் இருக்காங்க, அவங்ககிட்ட விலை கூட இருந்தாலும் யோசிக்காம வாங்கறோம்.

மத்தவங்க கிட்ட கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. கையெழுத்து எந்தப் பக்கத்துல எப்படி இருக்கு, யார்கிட்ட இருந்து உங்களுக்கு வந்துச்சு, எதையாவது அழிச்சோ ஒட்டியோ இருக்கா, இந்த மூணையும் லிஸ்டிங்லயே போடுங்க, தெரியலன்னா தெரியலன்னே போடுங்க. போலின்னு தெரிய வந்தா எத்தனை வருஷம் ஆனாலும் பணத்தை திருப்பித் தருவோம்னும் எழுத்துல குடுங்க.